காதலும் கணக்கும்: யப்பானியப் பாடசாலைக் காதற் சித்திரத்தொடரொன்றை முன்வைத்து

பெருந்தொகையான மக்களால் வாசிக்கப்படும் எழுத்தினை ஆய்வுக்கு அருகதையற்றதென ஒதுக்கும் மனப்பான்மை எம்மிடையே இன்னும் வலுவாகவேயுள்ளது. மரபுவழிப் பண்டிதர் அதனைத் தரமற்றதென்பர். முற்போக்காளர் சிலரோ ஆளும் வர்க்கத்தின் மயக்கமருந்தென ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறி அப்பாற் செல்வர். இரு சாராரும் அதனை வாசிப்பதில்லை என்பதே அவர்களிடையேயுள்ள ஒற்றுமை. யப்பானிய மார்க்சியச் சிந்தனையாளர் தொசாக்கா ஜுன் (1900–1945) இத்தகைய அலட்சியத்திற்கு நேரெதிரான நிலைப்பாட்டினைக் கொண்டிருந்தார். உடை, பழக்கவழக்கம், கேளிக்கை ஆகியனவெல்லாம் பொருள்முதல்வாத விமர்சனத்தின் உரிய களங்களே என்று 1936 இல் வெளிவந்த ‘சிந்தனையும் வழக்காறும்’ என்னும் நூலில் வாதிட்ட அவர், 1945 ஓகஸ்டிற் சிறையிலேயே மாண்டார். கேளிக்கையைப் பற்றிச் சிந்திப்பது பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அகசாகா அகா என்பார் எழுதி வரைந்த மங்காத் தொடரொன்றாகும். ‘காதலைச் சொல்லவைக்க விழையும் ககுயா சீமாட்டி’ என அதன் பெயரை ஏறக்குறையத் தமிழாக்கலாம். 2015 இல் ‘மிராக்கிள் ஜம்ப்’ சஞ்சிகையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ‘வீக்லி யங் ஜம்ப்’ என்னும் வார சஞ்சிகைக்கு மாறி, 2022 நவம்பரில் முடிவுற்ற இத்தொடர் 28 தொகுதிகளாக நூலுருப் பெற்றுள்ளது. மாணவர் சிலரின் கையில் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கண்டே நாம் இதனை வாசிக்கத் தொடங்கினோம். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை என்பதையும் ஒளிக்காமற் கூறிவிடுகின்றோம். ஏன் நிறுத்த முடியவில்லை என்ற வினாவே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

பாடசாலைக் காதல் என்னும் கதைவகை யப்பானிய மண்ணில் என்றும் இருந்துவந்த ஒன்றன்று. போருக்கு முன்னர் இடைநிலைக் கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறாகவே அமைந்திருந்தது. 1947 ஆம் ஆண்டின் கல்வி அடிப்படைச் சட்டம் ஆண், பெண் கூட்டுக்கல்வியை ஏற்றபின்னரே கலவன் பாடசாலை பொது வழக்காயிற்று. 1950 இல் உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர். 1974 இல் இது 90 ஐத் தாண்டியது. பெற்றோர் பேசிமுடித்த திருமணங்களைக் காதல் திருமணங்கள் தொகையில் விஞ்சியதும் 1960களின் பிற்பகுதியிலேயாம். இளையோர் ஏறத்தாழ அனைவரும் ஒரே வகுப்பறையில் மூன்றாண்டு அமர்ந்திருக்கும் சமூகத்திலேயே பாடசாலைக் காதற்கதை வெகுசன வடிவமாக முடியும். இவ்வடிவத்தின் பின்னணியில் கைத்தொழில் வளர்ச்சி வேண்டிநின்ற கல்விப் பரவல் உள்ளது.

தொடர் வடிவத்தின் பொருளாதாரமும் ஈண்டு நோக்கற்பாலது. யப்பானிய வார சஞ்சிகைகளில் ஒரு தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பதில் வாசகரிடம் பெறப்படும் வினாக்கொத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. விரும்பப்படாதது விரைவில் நிறுத்தப்படும், விரும்பப்படுவது நீட்டப்படும். காதற்கதையைப் பொறுத்தவரை நீட்டுதலின் பொருள் ஒன்றே: காதலர் ஒருவரிடமொருவர் மனந்திறக்கும் கணத்தைத் தள்ளிப்போடுதல். அவர்கள் பேசிவிட்டாற் பண்டம் விற்பனைக்கு இல்லாது போய்விடும். எனவே இவ்வகைத் தொடர்களில் தவறிய கடிதமும், குறுக்கிட்ட நண்பனும், காதில் விழாத சொல்லும் மலிந்து கிடக்கும். வாசகரும் இதனை அறிவர்; அறிந்தும் பொறுத்துக்கொள்வர்.

அகசாகாவின் கெட்டித்தனம் இவ்விடத்திலேயே வெளிப்படுகிறது. பிற ஆசிரியர் மறைக்க முயலும் இத்தாமதத்தையே அவர் கதைப்பொருளாக்கிவிடுகிறார். சூச்சியின் என்னும் உயர்குடிப் பாடசாலையின் மாணவர் மன்றத் தலைவன் சிரோகனே மியுகி. துணைத்தலைவி சினோமியா ககுயா. ஒருவரையொருவர் நேசிக்கும் இருவருக்கும் ஒரே நம்பிக்கை: முதலிற் காதலைச் சொல்பவர் தோற்றவர், சொல்லப்பட்டவர் வென்றவர். ஆதலால் மற்றவரைச் சொல்லவைக்க இருவரும் தந்திரம் வகுக்கின்றனர். திரைப்பட நுழைவுச்சீட்டும் குடையும் தொலைபேசி இலக்கமும் போர்க்கருவிகளாகின்றன. தொடக்க அத்தியாயங்கள் பலவற்றின் ஈற்றில் அன்றைய வெற்றி தோல்வி கணக்கேடுபோற் பதியப்படுகிறது.

இது வெறும் நகைச்சுவை உத்தியா? நாம் அவ்வாறு கருதவில்லை. தன் தேவையை முதலில் வெளிப்படுத்துபவன் பேரத்தில் நட்டமடைவான் என்பது சந்தையின் விதி. வாங்குவோன் ஆவலைக் காட்டினால் விலை ஏறும். அவ்விதி மனித உறவின் மிக அந்தரங்கமான பகுதிவரை ஊடுருவியிருப்பதை இக்கதை எவ்விதச் சொற்பொழிவுமின்றிக் காட்டிவிடுகிறது. எங்கெல்ஸ் 1884 இல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், சொத்துடைய வர்க்கத்தின் திருமணம் வசதிக்கான ஏற்பாடாவதைச் சுட்டினார். இங்கோ ஏற்பாட்டைச் செய்யப் பெற்றோர் வேண்டியதில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தாமே தமக்குத் தரகராகிவிட்டனர்.

உணவுப் பெட்டி பற்றிய அத்தியாயம் இவ்வகையில் மிகச் சிறந்தது. ககுயாவுக்கு வீட்டுச் சமையற்காரர் ஆக்கிய விலையுயர்ந்த உணவு. சிரோகனேக்கோ தன் கையாற் சமைத்த எளிய சோறும் எண்காலிக் கணவாய் வடிவில் வெட்டிப் பொரித்த சொசேச்சும். அந்தச் சொசேச்சின் மேல் ககுயாவுக்குத் தாங்கொணா ஆசை. கேட்டால் தோல்வி. ஆதலால் வெறித்துப் பார்க்கிறாள். அப்பார்வையைத் தன் வறுமையின் மீதான இகழ்ச்சியென அவன் விளங்கிக்கொள்கிறான். கணக்கேதும் அறியாத செயலாளர் புஜிவாராவோ கேட்டு வாங்கித் தின்றுவிடுகிறாள். வர்க்கப் பிளவு ஒரு பார்வையின் பொருளையே புரட்டிவிடுவதை இதனினும் சிக்கனமாகக் காட்டுதல் அரிது. நாம் முதன்முறை வாசித்தபோது சிரித்தோம். மறுமுறை வாசித்தபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

சினோமியா குடும்பம் நாட்டின் நான்கு பெருங்குழுமங்களுள் ஒன்றின் உரிமையாளராகச் சித்திரிக்கப்படுகிறது. ‘சைபட்சு’ எனப்பட்ட குடும்ப ஏகபோகங்களைப் போருக்குப் பிந்திய ஆக்கிரமிப்பு நிருவாகம் கலைத்தது. பிரபுப் பட்டங்களும் 1947 இல் ஒழிந்தன. கலைக்கப்பட்டவற்றைக் கதை உயிர்ப்பித்து உலவவிடுவது ஒருவகைக் கற்பனையே. ஆயினும் வங்கிகளைச் சூழ்ந்து அக்குழுமங்கள் 1950களில் மீண்டும் அணிதிரண்டன என்பதை நினைவுகூர்ந்தால், கற்பனை மெய்ம்மையிலிருந்து அதிகம் விலகவில்லை என்பது புலனாகும்.

சிரோகனேயின் தந்தை தொழிற்சாலையை இழந்தவர். மகன் பகுதிநேர வேலை செய்து, இரவெல்லாம் கோப்பி குடித்துக் கண்விழித்துப் படித்து, பரீட்சையில் முதலிடத்தைக் காக்கிறான். பரம்பரைச் செல்வர் பயிலும் பாடசாலையில் அவனுக்குள்ள ஒரே முதல் அதுவே. அவனது கூரிய, சற்றே கடுமையான கண்களில் ககுயா மயங்குகிறாள். அக்கூர்மை தூக்கமின்மையால் வந்தது. ஓய்வு கிடைத்து அவன் நன்றாக உறங்கியெழுந்த காலத்திற் கண்கள் மென்மையடைய, ககுயாவின் ஈர்ப்புக் குன்றிவிடுகிறது! உழைப்பின் களைப்பு முகத்தில் இட்ட வடுவே செல்வர் மகளுக்கு அழகாகத் தோன்றுகிறது. ஆசிரியர் இதனை நகைச்சுவையாகவே கையாண்டு அப்பாற் செல்கிறார். ஆனால் ‘யங் ஜம்ப்’ பாடசாலைப் பிள்ளைகளுக்கான ஏடன்று, வயதுவந்த இளைஞருக்கானது. அவ்வாசகரிற் பலர் வேலைக்குப் போவோர். யப்பானில் ஊதியம் பெறுவோரில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் நிரந்தரமற்ற தொழிலிலுள்ள காலத்திலேயே இத்தொடர் வெளிவந்தது. உறக்கங்குறைந்த கண்களுடன் இந்த அத்தியாயத்தைப் புரட்டிய வாசகனுக்கு அது அளித்த ஆறுதல் எத்தகையது? உன் களைப்பும் நேசிக்கத்தக்கதே என்ற ஆறுதல் அது. மயக்கமருந்து என்போர் இவ்விடத்தில் முற்றிலும் தவறானோர் அல்லர். எனினும் மருந்து நோயையும் உடன் சுட்டுகிறது என்பதை அவர்கள் காண்பதில்லை.

ஹயசாகா ஆய் என்னும் பாத்திரத்திலேயே தொடரின் பலமும் பலவீனமும் ஒருங்கே துலங்குகின்றன. ககுயாவின் ஒத்த வயதினளான இவள் அவளுக்குப் பணிப்பெண். அதே பாடசாலை மாணவியுமாவாள். அங்கு இவ்வுறவை மறைத்து, நாகரிக மோகங்கொண்ட பெண்ணாக நடிக்கிறாள். எமது அகப்பாடல்களின் தோழியை இவள் நினைவூட்டுவாள். செவிலியின் மகளே தோழி எனத் தொல்காப்பியம் வகுக்கும். தலைவியின் காதலுக்காகத் தூது செல்லும் தோழியின் சொந்த வாழ்வு யாதென அகப்பாடல்கள் கேட்பதில்லை. அகசாகா கேட்கிறார். தலைவி காதலிக்க வேண்டிய நேரமெல்லாம் பணிப்பெண்ணின் வேலை நேரமாகிவிடுவதை அவர் மறைக்கவில்லை. ஹயசாகாவின் சலிப்பான முகம் தொடரின் மிகச் சிறந்த விமர்சகர் எனலாம். கோடைகால வாணவேடிக்கைக்குப் போகக் குடும்பம் தடைவிதித்தபோது, ககுயாவின் வேடந்தாங்கி வீட்டிலிருந்து அவளைத் தப்பவிடுபவளும் இவளே. சிரோகனேயுடன் வண்டியிற் கடல் கடந்து விரைந்து வேடிக்கையைக் காணும் ககுயா வானத்தைப் பாராது அவன் முகத்தையே பார்க்கும் அக்காட்சியைப் பலரும் போற்றுவர். அந்நேரத்தில் அவளது அறையில் அமர்ந்திருந்தவளை எவரும் நினைப்பதில்லை.

பின்னர், தமையன் ஒருவனுக்கு ககுயாவைப் பற்றிய செய்திகளை ஹயசாகா நெடுங்காலம் தெரிவித்துவந்தமை கியோத்தோச் சுற்றுலாவின்போது வெளிப்படுகிறது. எசமான் – ஊழியர் உறவுக்குள் நட்பு எவ்வாறு நஞ்சாகும் என்பதை ஆசிரியர் இங்கு நேர்மையுடன் அணுகியுள்ளார். ஆயின் தீர்வு யாது? பணியிலிருந்து விலகுதல், கண்ணீர், மன்னிப்பு, இனி நாம் தோழியர் என்ற உறுதி. கூலியும் பரம்பரைச் சேவகமும் உண்டாக்கிய முரண்பாடு இருவரின் நல்லெண்ணத்தால் தீர்க்கப்படுகிறது. ஹயசாகா விலகலாம், சினோமியா மாளிகை விலகுவதில்லை.

இதே குறை முடிவுப் பகுதியிலும் உண்டு. ககுயா என்ற பெயர் மூங்கில் வெட்டியின் பழங்கதையிலிருந்து வந்தது. நிலவிலிருந்து வந்த அந்நங்கை ஐந்து வேட்பாளருக்கும் இயலாத பணிகளை விதிப்பாள். பறவைநாகத்தின் கழுத்து மணியைக் கொணரப் பணிக்கப்பட்டவன் ஒத்தொமோ நொ மியுகி. நாயகனின் பெயரும் மியுகி. பழங்கதையில் தோற்றவனைப் புதுக்கதை வெல்லவைக்கிறது. பாடசாலைக் கலைவிழாவில் இவன் அம்மணியைக் கவர்ந்து காதலைத் தெரிவிக்கிறான். இயலாதவற்றை இயலச் செய்வது தனிமனித முயற்சியே என்பது உட்கிடை. இவனுக்கோ ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் கதவு திறந்துவிட்டது. பரீட்சை ஏணியில் ஏறியவன் வென்றான். ஏணியே ஏன் வேண்டியிருந்தது என்ற வினா எழவில்லை. குடும்பக் குழுமத்தின் அதிகாரப் போட்டி முன்னணிக்கு வரும் இறுதி அத்தியாயங்களில் நகைச்சுவை தளர்ந்து நாடகப்பாங்கு மிகுவதைப் பலர் குறையாகக் கூறுவர். எமக்கு அது தற்செயலாகப் படவில்லை. சொசேச்சின் அளவிற் சுருக்கிக் காட்டியபோது வர்க்கத்தை நகைச்சுவையால் தாங்க முடிந்தது. அதே வர்க்கம் மூலதனமாகவும் வாரிசுரிமையாகவும் தன் மெய்யளவில் மேடைக்கு வந்தபோது அவ்வடிவத்துக்கு அது பாரமாகிவிட்டது.

இத்தொடர் முடிவுறுமுன்னரே, 2020 இல், அகசாகா அதே சஞ்சிகையில் யொகோயரி மெங்கோவின் சித்திரங்களுடன் ‘ஒஷி நொ கோ’ என்னும் மற்றொரு தொடரைத் தொடங்கி 2024 இல் நிறைவுசெய்தார். அதன் களம் கேளிக்கைத் தொழிலே. புகழ்ச் சந்தையில் விற்கப்படும் இளம்பெண்ணும், பொய்யே சரக்காகும் முறைமையும் அங்கு நேரடியாகப் பேசப்படுகின்றன. ககுயாவின் கதையில் விளையாட்டாக இருந்த பேரம் அங்கு கொலைவரை செல்கிறது. அவ்விரு தொடர்களையும் ஒருங்குவைத்து ஆராய்தல் தனிக் கட்டுரைக்குரியது.