இறப்பர்க் குண்டும் இரு மருத்துவ ஆவணங்களும்

இலக்கிய விமர்சனம் பயிலும் மாணவன் மருத்துவ அறிக்கையைக் கையிலெடுப்பது எல்லைமீறிய செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின், அறிக்கையும் சொற்களாலேயே ஆக்கப்பட்டது. அச்சொற்கள் எதனை உள்ளடக்கின, எதனை வெளியே நிறுத்தின என்பது மொழி பயில்வோர் கேட்கத்தக்க வினாவேயாகும். வட அயர்லாந்திற் சனக்கூட்டங்களைக் கலைப்பதற்குப் பயன்பட்ட இரு கருவிகள் குறித்து எழுந்த இரு ஆவணங்களை ஈண்டு அவ்வாறு நோக்க முற்படுகின்றேன். ஒன்று, சீ.எஸ். எனப்படும் கண்ணீர்ப்புகை பற்றிச் சேர் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் தலைமையிலான குழு பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை. அதன் இறுதிப்பகுதி 1971இல் வெளிவந்தது. மற்றையது, இறப்பர்க் குண்டினாற் காயமுற்றோர் பற்றி றதர்போர்ட் முதலிய பெல்பாஸ்ற் மருத்துவர்கள் 1975இல் பிரித்தானிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை.

1969 ஓகஸ்ற் மாதத்தில் டெரி நகரின் பொக்சைட் பகுதியிலே பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினர். நெருக்கமான வீடுகளும் ஒடுங்கிய தெருக்களும் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு அது. அங்கு எழுந்த கண்டனத்தின் விளைவே ஹிம்ஸ்வேர்த் குழு. அக்குழுவின் புகழ்பெற்ற முடிவு ஒன்றுண்டு: மக்களை அடக்கப் பயன்படும் இத்தகைய இரசாயனப் பொருளை ஆயுதத்தைப் பரிசோதிப்பது போலன்றி, மருந்தொன்றைப் பரிசோதிப்பதற்கு ஒப்பவே பரிசோதித்தல் வேண்டும் என்பது.

இம்முடிவை எள்ளி நகையாடுவது எளிது. நான் அவ்வாறு செய்யமாட்டேன். ஆயுதமெனக் கொண்டால், திடகாத்திரமான ஒருவனை அது எவ்வளவு நேரம் செயலிழக்கச் செய்கின்றது என்பதே வினாவாகும். மருந்தெனக் கொண்டாலோ முதியவர், குழந்தை, கர்ப்பிணி, ஈளை நோயாளி ஆகியோரும் கணக்கில் வந்தாக வேண்டும். அவ்வகையில் இவ்வுவமை அக்காலத்து அரச அறிக்கைகளிற் காணற்கரிய கண்டிப்பு உடையது. அதன் குறைபாடு, உவமையைப் பாதிவழியில் நிறுத்திவிட்டமையே. மருந்துக்கு அளவு உண்டு; அதனை அளந்து கொடுக்கும் வைத்தியர் உண்டு; வேண்டாமென மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. தெருவில் வீசப்படும் புகைக்கு இவற்றுள் எதுவும் இல்லை. காற்று எத்திசையில் வீசுகின்றது, யன்னல் திறந்திருக்கின்றதா, ஓடுவதற்கு வழி இருக்கின்றதா என்பனவே அங்கு அளவைத் தீர்மானிப்பன. 2022இற் கொழும்பு வீதிகளில் நின்ற மாணவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. மேலும், புகையைச் சுமந்துவரும் உலோகக் குப்பி ஒருவரது தலையிற் பட்டால் அது எந்த மருந்தின் பக்கவிளைவு? உவமை அவ்விடத்தில் முற்றாக ஊமையாகிவிடுகின்றது.

இனி இறப்பர்க் குண்டுக்கு வருவோம். இறப்பர் என்றதும் நம் நாட்டவர்க்கு நினைவில் எழுவன பாலெடுக்கும் தோட்டமும், பள்ளிப்பிள்ளையின் அழிறப்பரும், விளையாட்டுப் பந்துமாம். இம்மென்மையைப் பெயரே ஆயுதத்துக்கு இரவல் கொடுத்துவிடுகின்றது. உண்மையில் 1970இல் பிரித்தானிய இராணுவம் பயன்படுத்தத் தொடங்கிய அக்குண்டு ஏறத்தாழ 15 சதமமீற்றர் நீளமும் 140 கிராமுக்கு மேற்பட்ட நிறையும் உடையது. ஹொங்கொங்கிற் பயன்பட்ட மரக்குண்டே அதன் முன்னோடி. குடியேற்ற நாட்டிற் பழகிய கருவி, சிற்சில திருத்தங்களுடன் வீட்டுவாசலுக்கு வந்து சேர்ந்தது எனலாம். நிலத்திற் பட்டுத் தெறித்துக் கால்களைத் தாக்கும் வண்ணம் சுடவேண்டும் என்பது விதி.

1975ஆம் ஆண்டுக் கட்டுரை இவ்விதியை நேரடியாக மறுத்து வாதிடுவதன்று. அது எண்ணுகின்றது, அவ்வளவே. 1970 முதல் 1972 வரை சுடப்பட்டவை 33,000 குண்டுகள். வைத்தியசாலையை நாடியோர் 90 பேர். விடுதியிற் சேர்க்கப்பட்டோர் 41 பேர். அவர்களுள் ஒருவர் இறந்தார். இருவர் இரு கண்களையும் இழந்தனர். ஐவருக்கு ஒரு கண்ணின் பார்வை பெரிதும் கெட்டது. நால்வரின் முகம் கடுமையாகச் சிதைந்தது. காலை நோக்கிச் சுடப்படுவதாகச் சொல்லப்பட்ட குண்டு கண்களுக்கு எவ்வாறு ஏறிற்று? கட்டுரையாளர் குரலை உயர்த்தவில்லை. எண்களே அவ்வினாவை எழுப்பிவிடுகின்றன. இவ்வடக்கத்தை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

எனினும் இக்கணக்கிலும் ஓர் இடர் உண்டு. 33,000ஐ 90ஆற் பிரிப்பின் ஏறத்தாழ 366 குண்டுகளுக்கு ஒரு நோயாளி. ஆயுதத்துக்காக வாதாடுவோர்க்கு இதனினும் வாய்ப்பான எண் வேறில்லை. ஆயின் மேலுள்ள எண் துப்பாக்கியின் பக்கத்திலிருந்து பெற்றது. கீழுள்ளதோ வைத்தியசாலை வாயிலிற் பெற்றது. வீட்டிலேயே காயத்தைக் கட்டிக்கொண்டவரும், அயலிலுள்ள வைத்தியரிடம் சென்றவரும் அவ்வாயிலைக் கடக்காதவர். பிரிக்கத் தகாத இரண்டைப் பிரித்தே அவ்வாறுதல் பெறப்படுகின்றது. மருத்துவர் எண்ணியது ஆயுதத்தின் தீங்கையன்று, தம்மிடம் வந்து சேர்ந்த தீங்கையே. வாசகன் இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது.

இறப்பர்க் குண்டினால் முதன்முதல் உயிரிழந்தவன் 11 வயதுச் சிறுவன், ஆண்டு 1972. அக்குண்டு சுடப்பட்டது நியாயமன்று என மரணவிசாரணை முடிவுசெய்தது 2017இல். இடையே, குறிதவறாத திருத்தமெனக் கூறி 1973இல் பிளாஸ்ரிக் குண்டு புகுத்தப்பட்டது. பின்னாளிற் பொலிஸாரும் அதனை ஏந்தினர். இரு வகைக் காயங்களையும் ஒப்பிட்டு றொக் என்னும் பெல்பாஸ்ற் மருத்துவர் 1983இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். இறப்பர்க் குண்டு முகத்தையும் மார்பையும் கூடுதலாகச் சிதைத்தது. பிளாஸ்ரிக் குண்டோ மண்டையோட்டையும் மூளையையும் கூடுதலாகத் தாக்கி, அதனாலேயே கூடுதலாகக் கொன்றது. அந்நிலத்தில் இவ்விரு குண்டுகளுக்கும் பலியான 17 பேரில் மூவரே இறப்பர்க் குண்டால் மாண்டனர். ஏனைய 14 பேரும் ‘திருத்தத்தால்’ மாண்டவர்கள். பதினெழுவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சிறார்.

பல நாட்டு மருத்துவக் கட்டுரைகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, இத்தகைய குண்டுகளாற் காயமுற்ற 1,984 பேரைக் கணக்கிட்டது. இறந்தோர் 53, நிரந்தர ஊனமுற்றோர் 300. அவ்வூனங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தலையிலும் கழுத்திலும் பட்ட அடியால் விளைந்தவை. பெல்பாஸ்ற் மருத்துவர்களின் பட்டியலில் கண்கள் இடம்பெற்று 42 ஆண்டுகள் கழிந்த பின்னரும் எண்ணப்படுவது அதே உறுப்புகளே. காலை நோக்கிச் சுடுக என்னும் வாசகமோ விதிநூல்களில் இன்றும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கின்றது.