யாரைக் கேட்டு?

'பேச்சுதானே, மாத்திரையா மருந்தா, என்ன கெட்டுடப் போவுது?' என்று உளச்சிகிச்சை பற்றித் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1992இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாக்ஸ்டர் குழுவினர் எண்ணச் சுழற்சி நோயாளிகளின் மூளையைப் படமெடுத்தார்கள், சிறிய ஆய்வுதான். மாத்திரையில் தேறியவர்களுக்கும், மாத்திரையே இல்லாமல் நடத்தைச் சிகிச்சையில் தேறியவர்களுக்கும், காடேட் என்கிற ஒரே பகுதியில் குளுக்கோஸ் செலவு குறைந்திருந்தது. ஆக, சொல்லும் உடம்புக்குள்தான் போய் வேலை செய்கிறது. யாரைக் கேட்டுப் போகிறது?

தற்பால் விருப்பத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே 'புள்ளைய மாத்திக் குடுங்க' என்று பெற்றோர் கேட்பதும், ஃபீஸ் வாங்கிக்கொண்டு சிலர் பேசுவதும் நிற்கவில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. அதற்கு முன் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாமே விரும்பி, ஓர் உளவியலாளர் முன் போய் உட்கார்ந்தார்.