இரண்டு கிளவுட், ஒரு குடோன் கணக்கு

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்று நம் நேரப்படி மதியம் 12 மணி தாண்டியதும் அமேசான் வெப் சர்வீசஸின் வட வர்ஜீனியா மையங்கள் தடுமாறின. டைனமோடிபி தரவுதளத்தின் முகவரியைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில் அதன் டிஎன்எஸ் பதிவு காலியாகிவிட்டது. ஸ்னாப்சாட், சிக்னல் என்று உலகெங்கும் பல சேவைகள் முடங்கின. எல்லாம் சீராக ஏறத்தாழ 15 மணி நேரம் ஆனது. அடுத்து அக்டோபர் 29 அன்று மைக்ரோசாஃப்ட் அஷூரின் முறை.

தீபாவளி மதியத்தில் சிவகாசியில் பில் போட என்ன மிச்சம் இருக்கும்? இதே கோளாறு பத்து நாள் முன்னால், மும்பை மையத்தில் வந்திருந்தால் கதை வேறு. இந்த ஊர் பட்டாசு மொத்த வியாபாரிக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் வந்துபோவது. ஆகவே “ஒரே கம்பெனியின் கிளவுடை நம்பாதே, மென்பொருளை இரண்டு கம்பெனியின் கிளவுடிலும் ஓட்டு” என்ற யோசனை இங்கே காதில் இனிப்பாகத்தான் விழும். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

ஒரு கோளாறு எத்தனை தூரம் பரவும் என்பதைக் கிளவுட் பொறியாளர்கள் ‘பிளாஸ்ட் ரேடியஸ்’ என்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலையில் அறைகள் இடைவெளி விட்டுத்தான் நிற்கும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. ஒன்று வெடித்தாலும் அடுத்தது தப்ப வேண்டும். ஆனால் 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பேச்சு அறைகளின் இடைவெளியைவிட உள்குத்தகை பற்றித்தான் அதிகம் நடந்தது. அறைகள் ஆளுக்கொருவர் கையில் போய்விட்டால், மொத்த ஆலைக்கும் பொறுப்பு யாருடையது? இரண்டு கிளவுடில் ஓடும் மென்பொருளிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு மொத்த வியாபாரியின் குடோன் இருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். (இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடுத்துவிட்டது, நான் சொல்வது கடைக்குள் ஓடும் பில்லிங்.) நிரலை இரண்டு இடத்தில் நிறுத்துவது இன்று எளிது, 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டஸ் அதற்கு வழி செய்துவிட்டது. சிக்கல் கணக்கில் இருக்கிறது. பத்தாயிரம் வாலா சரவெடியில் கடைசிப் பெட்டி ஒன்று. அமேசான் பக்கம் ஒரு பில், அஷூர் பக்கம் ஒரு பில், அதே நொடியில். இரண்டு பக்கமும் பேசி முடிவெடுக்கலாம்தான். நடுவே இணைப்பு அறுந்தால்? ஒன்று பில்லை நிறுத்த வேண்டும், இல்லை ஒரே பெட்டியை இரண்டு பேருக்கு விற்கும் அபாயத்தை ஏற்க வேண்டும். கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-இல் ஊகமாகச் சொன்னதும் 2002-இல் கணிதமாக நிறுவப்பட்டதும் இதுதான். இதைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி யாராவது மென்பொருள் விற்க வந்தால், அந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள்.

செலவும் லேசில்லை. மும்பையிலிருந்து அமேசானுக்கு வெளியே தரவை அனுப்ப ஆரம்பக் கட்டணம் ஜிபிக்கு ஏறத்தாழ 11 அமெரிக்க சென்ட். கிளவுட் அமைப்பை நிரலாக எழுத உதவும் டெராஃபார்ம் போன்ற கருவி இருந்தால் ஒரே முறை எழுதி எங்கும் ஓட்டலாம் என்பது பரவலான நினைப்பு. கருவிதான் ஒன்று, ஒவ்வொரு கிளவுடுக்கும் உள்ளே எழுதுவது வேறு வேறு. யாருக்கு என்ன அனுமதி என்ற பாதுகாப்பு ஏற்பாடும் இரண்டு. மூன்று நாலு பேர் இருக்கும் உள்ளூர் ஐடி குழு இரண்டையும் அரைகுறையாகத்தான் கற்கும். இத்தனைக்குப் பிறகும் டிஎன்எஸ், ஓடிபி, பேமென்ட் கேட்வே ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் தொங்கினால், பட்ட பாடு வீண். ஜோஹோவைப் போல சொந்தத் தரவு மையம் வைப்பது மூன்றாவது வழி. அது அந்த அளவுள்ளவர்களுக்கு.

அப்படியானால் நான் ஏற்கும் பாதி எது? 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பர் கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனிக் கிளவுட் அழிந்துபோனது. அமைக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்ட தவறு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தவித்தார்கள். இரண்டு இடங்களில் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. மீட்பில் கைகொடுத்தவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகலும் ஒன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையை அடுத்து குஜராத்தின் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகே சேவை திரும்பியது. மின்சாரமும் சர்வரும் நன்றாக இருக்க, சேவை மட்டும் கையைவிட்டுப் போன சம்பவங்கள் இவை. ஒரே கம்பெனிக்குள் எத்தனை ஊரில் நகல் வைத்தாலும் இதற்கு மருந்து கிடையாது.

ஆனால் இரண்டு சம்பவத்திலும் தேவைப்பட்டது வெளியேறும் திறன். இரண்டு கிளவுடிலும் ஒரே நேரத்தில் ஓடும் திறன் அல்ல. ரிசர்வ் வங்கி 2023-இல் ஐடி வெளிப்பணி பற்றிக் கொடுத்த வழிகாட்டலும் வெளியேறும் திட்டத்தைத்தான் கேட்கிறது. 2024-இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் தங்களை விட்டு வெளியேறிப் போகிறவர்களிடம் தரவுக் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. போகிறவனுக்குத்தான் சலுகை, இரண்டு வீட்டுக்கும் தினமும் நடக்கிறவனுக்கு இல்லை.

பங்குச்சந்தை, பெரிய வங்கி ஆகியவை இரண்டு கிளவுடிலும் ஓட்டிப் பார்க்கட்டும். அவற்றுக்கு ஆள்பலமும் பணமும் உண்டு. குடோன் கணக்குக்கு ஒரே கிளவுட் போதும். தரவுதளம் போஸ்ட்கிரெஸ் மாதிரி எங்கும் ஓடுவதாக இருக்கட்டும். ஊர் இரண்டு வேண்டுமானால் அமேசானுக்கே மும்பையும் 2022-இல் திறந்த ஹைதராபாத்தும் உண்டு. தினமும் இரவு ஒரு நகல் வேறு கம்பெனிக்குப் போகட்டும்: வேறு லாகின், வேறு கார்டு, முதல் கணக்கின் சாவியால் அழிக்க முடியாதபடி.

நகல் இருப்பது வேறு, அதிலிருந்து பில் அடிப்பது வேறு. ஆடி 18-க்கு விலைப்பட்டியல் வருவதற்கு முன், சீசன் சூடு பிடிக்காத ஒரு நாளில் அந்த நகலை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் பில் வர எத்தனை மணி நேரம் ஆனதோ, அதை முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் அவருக்கு ஒத்துவராது என்றால், அப்போது இரண்டாவது கிளவுடில் ஓட்டும் செலவைப் பேச உட்காரலாம்.