மும்பைத் தமிழ்ச் சிறாரும் எழுத்தறிவு ஆசிரியர் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தாய்மொழியில் படிக்கவும் எழுதவும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அளிக்கப்படும் பயிற்சி, பெரும்பாலும் ஓர் அடிப்படைக் கருத்தை வெளிப்படையாகக் கூறாமலே ஏற்றுக்கொள்கிறது. பிள்ளை வாழும் சூழல் முழுவதும் அம்மொழியாலேயே ஆனது என்பதே அக்கருத்து. தமிழ்நாட்டிற்கு இது ஓரளவு பொருந்தும். மும்பைக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மும்பை மாநகராட்சி தமிழ் உள்ளிட்ட 8 மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தாராவி, செம்பூர் முதலிய இடங்களில் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். அங்குத் தமிழில் எழுதிய கடைப் பலகைகளையேனும் பிள்ளைகள் காண்பர். நவி மும்பையைச் சார்ந்த சான்பாடா போன்ற புதிய குடியிருப்புகளில் அச்செறிவு இல்லை. அங்கு வளரும் பிள்ளை தெருவிலும் தொடர்வண்டி நிலையத்திலும் காண்பவை தேவநாகரியும் உரோமன் எழுத்துமேயாம். 2020இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மகாராட்டிரப் பள்ளிகளில் மராத்தி கட்டாயப் பாடம். ஆகவே தமிழ் கற்கும் பிள்ளை மூன்று வரிவடிவங்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் எதிர்கொள்கிறது.

2. இன்றைய பயிற்சி முறைகள்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் குறிப்பிடத்தக்க முயற்சிகள். பின்னது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அடைவு நிலைக்கேற்பப் பகுத்துக் கற்பிக்க ஆசிரியரைப் பயிற்றுகிறது. வகுப்பைவிடப் பிள்ளையின் நிலையே முதன்மையானது என்னும் இக்கொள்கை எங்கும் ஏற்கத்தக்கது. ஆயினும் இவை தமிழ்நாட்டுப் பிள்ளைகளை எண்ணி அமைக்கப்பட்டவை. அது இத்திட்டங்களின் குறையன்று. மாற்றமின்றி வேற்றிடத்தில் அவற்றைப் பின்பற்றுவதே குறையாகும்.

மறுபுறம், மைசூரிலுள்ள தென்மண்டல மொழி மையத்தின் பத்து மாதப் பயிற்சி, பிறமொழி ஆசிரியர்க்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது. வீட்டில் தமிழ் பேசியும் வெளியில் தமிழ் எழுத்தைக் காணாத பிள்ளை இவ்விரு வகைக்கும் இடைப்பட்டது. அதற்கெனத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது.

3. ஒலியும் எழுத்தும்

தமிழில் ஒரு வல்லின எழுத்து இடத்திற்கேற்ப ஒலி வேறுபடும். ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரம் ஒரே ஒலியுடையதன்று. மொழி முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் ஒலிப்பின்றியும், மெல்லினத்தின் பின் ஒலிப்புடனும், உயிர்களின் இடையில் நெகிழ்ந்தும் ஒலிக்கும். தேவநாகரியிலோ ஒவ்வோர் ஒலிக்கும் தனி எழுத்துண்டு. இவ்வேறுபாட்டை அறியாத ஆசிரியர், பிள்ளை ‘பகல்’ என்பதை வல்லோசையுடன் படித்தால் அதனைக் கவனக்குறைவு என்றே கொள்வார்.

பிள்ளைக்கு நன்கு தெரிந்த ஊர்ப்பெயர்களே இவ்விதிக்கு மாறாக நிற்பது இன்னொரு சிக்கல். தாராவி, தாதர், கோவண்டி ஆகியவற்றின் முதலெழுத்து ஒலிப்புடையது. ‘அன்பு’ என்பதிலுள்ள பகரம் போலப் படித்தால் ‘சான்பாடா’ வேறு ஊராகிவிடும். தெரிந்த பெயரிலிருந்து எழுத்தைத் தொடங்குக என்னும் பொதுவான அறிவுரை இங்கு நேரடியாகப் பயன்படாது. முதலில் தமிழ்ச் சொற்கள், பின்னர் வேற்றுமொழிப் பெயர்கள் என்னும் வரிசை வேண்டும்.

எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை மராத்தி எழுத்து காட்டுவதில்லை. ஆதலின் ‘கொடு’, ‘கோடு’ மயங்குவதற்கு இடமுண்டு. அதே வேளையில் லகர ளகர வேறுபாடும், நகர ணகர வேறுபாடும் மராத்தியிலும் உள்ளன. அவற்றைக் கற்பிக்க மராத்தி துணையாகும். ழகரத்திற்கு அத்துணை இல்லை. எது துணை, எது தடை எனப் பகுத்துணரும் திறனே ஆசிரியர்க்குத் தேவையானது.

4. பயிற்சியில் வேண்டும் மாற்றங்கள்

தமிழ்நாட்டில் பயின்றவராயினும் மகாராட்டிரத்தில் பயின்றவராயினும், மும்பையில் தமிழ் கற்பிக்க வருவோர்க்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, தமிழ் - மராத்தி ஒலி, எழுத்து ஒப்பீடு. இரண்டாவது, மாணவர் குறிப்பேடுகளைக் கொண்டு செய்யும் பிழை ஆய்வு. பிழைக்கு மதிப்பெண் குறைப்பதற்கு முன், அது பேச்சு வழக்கால் வந்ததா, பிறமொழி எழுத்தால் வந்ததா, பயிற்சிக் குறையால் வந்ததா எனக் காணப் பழகுதல் வேண்டும். மூன்றாவது, ‘வந்துட்டான்’ என்பதிலிருந்து ‘வந்துவிட்டான்’ என்பதற்கு இட்டுச்செல்லும் படிநிலைப் பாடங்கள். தமிழ் எழுத்தும் மேடைத் தமிழும் சூழ்ந்துள்ள ஊரில் இப்பாலத்தின் ஒரு பகுதியைச் சூழலே கட்டிவிடுகிறது. மும்பையில் அதனை ஆசிரியரே கட்ட வேண்டியுள்ளது.

மராத்தியை ஒப்பிட்டுக் கற்பித்தால் குழப்பம் பெருகும் என்பார் உளர். ஒப்பீடு பிள்ளையின் மனத்தில் முன்னரே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர் அதனை அறியாதிருப்பதே குழப்பத்தை நீட்டிக்கிறது. மேலும் ஒப்பீடு ஆசிரியர்க்குரிய அறிவேயன்றிப் பிள்ளைக்குரிய பாடமன்று.

5. முடிவுரை

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழிவழிக் கல்வியை வலியுறுத்துகிறது. தமிழ்வழியில் சேர்ந்த பிள்ளை தமிழைத் தடையின்றிப் படிக்க இயலாதபோது, பெற்றோர் குறையை மொழியின் மேல் ஏற்றி ஆங்கிலவழியை நாடுகின்றனர். உண்மையில் குறை மொழியிலும் இல்லை, பிள்ளையிடமும் இல்லை. அப்பிள்ளையை எண்ணி அமைக்கப்படாத பயிற்சியிலேயே உள்ளது. பள்ளிகளைக் காக்கும் முயற்சி பயிற்சிப் பாடத்திட்டத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.