கொல்லச் சொன்னது யார்?

பி.ஏ. படிக்கையில் 'மாக்பெத்' எங்களுக்குப் பாடம். நல்ல வீரன், சூனியக்காரிங்க பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்றார் வாத்தியார். நானும் அப்படியே எழுதி மார்க் வாங்கினேன். இப்போது திரும்ப வாசிக்கையில் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கிழவிகள் 'ராஜாவாகப் போறே' என்றார்கள். கொல்லு என்று ஒருத்தியும் சொல்லலை. தன் வம்சம் ஆளும் என்று பாங்கோவும்தான் குறி கேட்டான். அவன் கத்தி எடுக்கவில்லை. முதல் அங்கத்தில் அவர்கள் இவன் வழியில் வந்து நிற்கிறார்கள். நான்காம் அங்கத்தில் இவனே தேடிப்போய் அதட்டிக் கேட்கிறான். அதற்குள் டங்கன், பாங்கோ இருவரும் பிணம். பெண் பெற்ற எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்று வாக்கு கிடைக்கிறது. அப்புறம் மாக்டஃபைக் கண்டு என்ன பயம்? அவன் இங்கிலாந்துக்கு ஓடிவிட்டான் என்றதும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளை வெட்ட ஆள் அனுப்புகிறான். எந்தக் குறியும் இதைக் கேட்கவில்லை.

நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டது. அப்போதைய ராஜா ஜேம்ஸ், 1597இல் சூனியம் பற்றிப் புத்தகமே போட்டவன். ஸ்காட்லாந்தில் நார்த் பெரிக் வழக்கில் பெண்களைத் தானே உட்கார்ந்து விசாரித்தவன். ஆக்னஸ் சாம்ப்சன் என்கிற மருத்துவச்சியை 1591இல் கழுத்தை நெரித்து எரித்தார்கள்.

நாடகத்துக் கிழவி ஒருத்தி, மாலுமி பெண்டாட்டியிடம் தின்னக் கொஞ்சம் செஸ்நட் கொட்டை கேட்டு விரட்டப்பட்டவள். பழிவாங்கக் கிளம்புகிறாள், நிஜம்தான். ஆனால் முதலில் கேட்டது கொட்டை. வாத்தியார் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டினது ஞாபகமிருக்கிறது.