ஏலம் மூன்றெழுத்து: தமிழ்ச் சொற்புதிர்கள் பற்றி ஒரு பார்வை

'கூவி விற்பதும் மணப்பதும் ஒன்றே (3).' விடை: ஏலம். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஏலப்பாறைப் பிள்ளையும் இதற்குச் சிரிக்கும். நம்ம ஏலக்காய் புற்றடியில் ஏலத்துக்குத்தானே போகிறது!

1913-இல் ஆர்தர் வின் நியூயார்க்கில் தொடங்கிவைத்த குறுக்கெழுத்து, நம் வார இதழ்களில் பெரும்பாலும் 'வேறு சொல்', 'நடிகர் பெயர்' கேட்பதோடு நின்றுவிட்டது. அமெரிக்காவில் வெளியான 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களோ, விடையைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்துவைத்தன. சிலேடை வளர்ந்த மொழிக்கு அதுவே பொருத்தம்.

கணினி விளையாட்டுக்கு இன்னொன்றும் வேண்டும். 2021-இல் வந்த 'வேர்டில்' ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. தமிழுக்கு 247. அதே முறையை அப்படியே எடுத்து, 'கி' வரவேண்டிய கட்டத்தில் 'கீ' போட்டால் வெறும் 'தப்பு' என்றால், பிள்ளை மூடிவைத்துவிட்டுப் போய்விடும். 'மெய் சரி, உயிரைப் பார்' என்று சொல்லட்டும். அடுத்த முறை தானே கண்டுபிடிக்கும்.

பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்த ஒரு கட்டம்தான் தமிழ் வகுப்பு. வண்ணம், இசை, பரிசு எல்லாம் அதற்கப்புறம்தான்.