பதின்மூன்று வாய்ப்பு மிச்சம்

ராயல்ஸ் பேஸ்பால் அணியின் ஜார்ஜ் பிரெட்டுடைய 1980-ஐப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் .390 சராசரி என்று ஆரம்பிப்பார்கள். இன்னும் ஐந்தே ஐந்து ஹிட் விழுந்திருந்தால் .400 என்று அங்கலாய்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்த அங்கலாய்ப்பில் எனக்கும் பங்கு உண்டு. 449 அட்-பேட்டில் 175 ஹிட். 180 ஆகியிருந்தால் கதையே வேறு. ஆனாலும் அந்த வருடக் கணக்கில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது 515 என்ற எண்ணைத்தான். அதாவது, அட்-பேட்டில் சேராத வாக் முதலியவற்றையும் சேர்த்து, மட்டையோடு அவர் பிளேட்டுக்கு வந்த மொத்தத் தடவை. 162 ஆட்டங்களில் 45-ஐ வெளியே உட்கார்ந்து கழித்த ஒருவர், சராசரிப் பட்டத்துக்கு வேண்டிய 502-ஐத் தாண்டிப் பதின்மூன்று வாய்ப்பை மிச்சம் வைத்தார். அந்தப் பதின்மூன்றும் அவர் பேட்டிங் ஆர்டரில் நின்ற இடத்தின் கொடை என்பது என் கட்சி.

ஒரு படி கீழே இறங்கினால் ஆட்டத்துக்குப் பத்தில் ஒரு வாய்ப்புக்குச் சற்று மேல் குறையும். முழு சீசன் ஆடுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. அறுநூற்று ஐம்பதில் பதினெட்டு போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கணுக்காலில் கட்டோடு ஒரு மாதம் கிடந்தவருக்கு அப்படி இல்லை. பிரெட்டுக்கு ஆட்டத்துக்கு 4.4 வாய்ப்பு கிடைத்தது, பெரும்பாலும் மூன்றாம் இடத்தில் நின்றதால். அதே 117 ஆட்டங்களை ஐந்தாம் இடத்தில் ஆடியிருந்தால் சுமார் 490-இல் நின்றிருப்பார். பட்டம் அப்போதும் அவருக்குத்தான் போயிருக்கும். குறைகிற வாய்ப்பையெல்லாம் ஹிட் இல்லாத அட்-பேட்டாகக் கூட்டிப் பார்க்கச் சொல்லி விதியில் ஒரு பிரிவு இருக்கிறது, அடுத்து நின்ற செசில் கூப்பரும் .352-தான். ஆனால் நடக்காத அட்-பேட்டுகளைக் கணக்கில் சேர்த்து வாங்கிய பட்டம் என்றொரு குறிப்பு அவர் பெயருக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். ரசிகனுக்கு அது உறுத்தும்.

டோனி க்வின்னுக்கு 1996-இல் அப்படித்தான் ஆயிற்று. குதிகால் தொல்லையால் 116 ஆட்டம், 498 வாய்ப்பு, நாலு குறைவு. நாலு பூஜ்யத்தைச் சேர்த்தும் .349 வந்தது, எல்லிஸ் பர்க்ஸின் .344-ஐவிட மேல், பட்டமும் வந்தது. க்வின் ரசிகர்கள் இதைப் பெருமையாகவே சொல்வார்கள், பூஜ்யங்களைச் சுமந்தும் ஜெயித்தார் பார் என்று. சொல்லட்டும். எனக்கு அந்த நாலு பூஜ்யமும் பந்தியில் விருந்தாளியே இல்லாமல் போட்ட இலைகளாகத்தான் தெரிகின்றன.

இந்த விஷயத்தில் உண்மையிலேயே வஞ்சிக்கப்பட்டவர் டெட் வில்லியம்ஸ். 1954 பயிற்சி முகாமின் முதல் நாளே காறை எலும்பு முறிந்தது. திரும்பி வந்து ஆடியது, இதைக் கவனியுங்கள், அதே 117 ஆட்டம். .345 அடித்தார். க்ளீவ்லாந்தின் பாபி அவிலா .341. ஆனால் அந்தக் காலத்துக் கணக்கில் 400 அட்-பேட் வேண்டும். வில்லியம்ஸிடம் இருந்தது 386. பிட்சர்கள் அவருக்குப் பந்தே கொடுக்கவில்லை, 136 வாக். பொறுமையாக நின்றதற்குத் தண்டனை! எழுந்த கூச்சலில் 1957-இல் விதியை மாற்றினார்கள்: அட்-பேட்டை விட்டுவிட்டு மொத்த வாய்ப்பை எண்ணு, அணியின் ஆட்டத்துக்கு 3.1 வீதம். 154 ஆட்டத்துக்கு 477. பிற்பாடு 162 ஆட்டம் ஆனதும் 502. வில்லியம்ஸுக்கு 1954-இல் 526 இருந்தது. பிரெட் ஏறிப் போன படிக்கட்டு, வில்லியம்ஸ் தடுக்கி விழுந்த பிறகு கட்டியது.

மிசௌரியில் வேலை பார்த்த காலத்தில் ஊர்ப் பொது நூலகத்தில் 1980-ஆம் வருடத்து நாளிதழ்களை மைக்ரோபிலிமில் ஓட்டிப் பார்ப்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் திரையில் கார் விளம்பரமும் தேர்தல் செய்தியும் ஓடி, விளையாட்டுப் பக்கம் வந்து நிற்கும். ராயல்ஸின் பாக்ஸ் ஸ்கோரில் என் கண் நேரே மூன்றாவது வரிக்குப் போகும். பேட்டிங் ஆர்டர்படி அச்சாகும் பட்டியல் ஆயிற்றே, மூன்றாவது வரி என்றால் பிரெட். ஜூன் 10-க்குப் பிறகு அந்த வரியில் அவர் பெயர் இல்லை. கணுக்கால் தசைநார் கிழிந்து, ஜூலை 10 வரை அந்த வரியில் மற்றவர்கள் குடியிருந்தார்கள். பருவம் முடிந்த பிறகு அச்சாகும் ஒற்றை வரிப் புள்ளிவிவரத்தில் இந்தக் காலி இடம் தெரியவே தெரியாது. நாள் நாளாகப் படித்தால்தான் உறைக்கும்.

திரும்பி வந்த ஜூலையில் அவர் அடித்தது .494. இரண்டு தடவை மட்டை பிடித்தால் ஒரு ஹிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூலை 18-இல் தொடங்கி முப்பது ஆட்டம் தொடர்ச்சியாக ஹிட். ஆகஸ்ட் 17, டொராண்டோவுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் நாலுக்கு நாலு. கடைசியாக அடித்த டபுளில் மூன்று பேஸிலும் நின்றவர்கள் வீடு வந்து சேர, சராசரி .401. செகண்ட் பேஸில் நின்று இரண்டு கையையும் உயர்த்தினாரே, அந்தப் படத்தைப் பார்க்காத பேஸ்பால் ரசிகர் இருக்க மாட்டார். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் .407 வரை போனார்.

அவருக்கு முன்னால் முதல் வரியில் நின்ற வில்லி வில்சனைச் சொல்லாமல் இந்த மூன்றாம் வரியைச் சொல்ல முடியாது. அந்த வருடம் வில்சனுக்கு 705 அட்-பேட், 230 ஹிட், 79 திருட்டு. இடது கை ஆட்டக்காரரான பிரெட் பிளேட்டில் நிற்கும்போது வில்சன் ஃபர்ஸ்ட் பேஸில் நின்றால், ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பையை விட்டு நகர முடியாது. வலது பக்கத்தில் ஒரு சந்து திறந்துவிடும். செயற்கைப் புல்லில் அந்தச் சந்து வழியாகப் போன பந்தைப் பிடிக்க ஆள் கிடையாது. பிட்சருக்கோ இன்னொரு கவலை. வளைந்து மெதுவாகப் போகிற பந்தைப் போட்டால் வில்சன் ஓடிவிடுவார், அதனால் வேகப்பந்து. வேகப்பந்துக்குக் காத்திருப்பவர் பிரெட். வில்சன் ஓடிச் செகண்ட் பேஸைத் திருடிவிட்டால் கூட்டம் கைதட்டும், எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். சந்து அடைபட்டுவிட்டதே! ஃபர்ஸ்ட் பேஸ் காலி, பிரெட்டை வேண்டுமென்றே நடக்க விடவும் வழி பிறந்துவிட்டது. எழுபத்தொன்பது திருட்டையும் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். திருடுவார் திருடுவார் என்று பிட்சரை நெளிய வைத்துக்கொண்டு அவர் சும்மா நின்ற நேரங்களுக்குக் கணக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

பிரெட் நின்ற விதத்தை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் அலுப்பதில்லை. பயிற்சியாளர் சார்லி லாவ் பழக்கிக் கொடுத்த நிலை: உடம்பின் பாரம் முழுக்கப் பின்காலில், மட்டை தோளுக்குப் பின்னால் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும், உடம்பு மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். பந்து புறப்பட்டதும் பாரம் அப்படியே முன்காலுக்கு மாறும். கையுறை கிடையாது. வெறுங்கை, மட்டையின் கழுத்தில் பைன் தார். அந்தத் தாரால் 1983-இல் வந்த ரகளை தனிக் கதை, அது மட்டும் தெரிந்தவர்கள் இவரைக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1980-இல் பாருங்கள்: ஹோம் ரன் 24, ஸ்ட்ரைக் அவுட் 22. வேலிக்கு அப்பால் போன பந்து, தவறவிட்டு நடந்து திரும்பிய தடவையைவிட அதிகம். மூன்றாம் இடத்துக்காரனிடம் வேறென்ன கேட்பது? 117 ஆட்டத்தில் 118 ரன் அவர் மட்டையால் வீடு வந்தது.

ராட் கேர்யூவின் ஆட்கள் 1977-ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். .388, அதுவும் 616 அட்-பேட்டில், முழு சீசன். நியாயம்தான். அத்தனை நாள் அந்த உயரத்தில் நிற்பது பெரிய காரியம். ஆனால் கேர்யூவுக்கு ஹோம் ரன் 14. பிரெட் 167 அட்-பேட் குறைவாக ஆடிப் பத்து கூட அடித்தார். பார்க்கச் சுகம் எது என்று கேட்டால் கேர்யூவின் மணிக்கட்டும் சுகம்தான், மறுக்கவில்லை. பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது பிரெட் வரும்போதுதான் பிட்சர் முகத்தில் தெரிந்தது.

குறைந்த அட்-பேட்டில் சராசரி ஏறுவது சுலபம், காயம் அவருக்கு உதவியது என்பார்கள் இன்னொரு தரப்பினர். அவர்களை நான் 1941-க்கு அனுப்பி வைப்பேன். புனிதமான அந்த .406-ஐ வில்லியம்ஸ் எத்தனை அட்-பேட்டில் எடுத்தார்? 456. பிரெட்டைவிட ஏழே ஏழு அதிகம். வில்லியம்ஸுக்கு அந்த வருடத் தொடக்கத்தில் கணுக்காலில் அடி. முதல் இரண்டு வாரம் முழு ஆட்டம் இல்லாமல் மாற்று ஆளாக வந்து போனார். மீதியை 147 வாக் தின்றுவிட்டது. ஆக, அங்கே குறைவு என்று யாரும் சொல்லாத எண்ணிக்கை இங்கே மட்டும் எப்படிக் குறைவாகும்? நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1941-இல் சாக்ரிஃபைஸ் ஃப்ளையும் அட்-பேட்டாகவே எண்ணப்பட்டது. பிரெட்டுக்கு 1980-இல் அப்படி ஏழு. அந்த விதிப்படி அவருக்கும் சரியாக 456 அட்-பேட் வரும், சராசரி .384 ஆகும். வில்லியம்ஸ் மேலே இருக்கிறார், சந்தேகமில்லை. அட்-பேட் போதாது என்ற வாதம் மட்டும் செல்லாது.

செப்டம்பரில் கை வலி வந்து மறுபடி வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்து 19-ஆம் தேதி வரைக்கும் .400-இல் நின்றார்; பிறகு சில நாள் ஹிட் குறைந்து சறுக்கியதில் போயிற்று. பிராட்மனுக்குக் கடைசி இன்னிங்ஸில் நாலு ரன் போனதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகும் நம்மவர்களுக்கு இந்த ஐந்து ஹிட்டின் வலியை விளக்க வேண்டியதில்லை. ஜிம் ஃப்ரே அப்போது ராயல்ஸுக்கு மேனேஜராக வந்த முதல் வருடம். நடுவில் கீழே இறக்கிச் சற்று ஓய்வு கொடுத்திருக்கலாம், சராசரியைக் காப்பாற்ற ஆட்டத்தையே தவிர்த்திருக்கலாம் என்று இன்றைக்கு யோசனை சொல்கிறவர்கள் உண்டு. பட்டியலில் மூன்றாம் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த ஃப்ரேயை எனக்குப் பிடிக்கிறது. அக்டோபரில் பிரெட் யாங்கீ ஸ்டேடியத்தில் கூஸ் காசேஜின் பந்தை மேல் அடுக்குக்கு அனுப்பி ராயல்ஸை முதல் முறையாக உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். பிலடெல்பியாவிடம் தோற்ற அந்தத் தொடரிலும் .375.

இப்போதெல்லாம் மூன்றாம் இடம் என்றாலே ஏளனம். முதல் இன்னிங்ஸில் இரண்டு அவுட், பேஸில் ஆள் இல்லை என்ற நிலையில்தான் மூன்றாமவர் அதிகம் வருகிறார், ஆகவே சிறந்த ஆட்டக்காரரை இரண்டாம் இடத்தில் போடு என்பது கணக்குப் புலிகளின் தீர்ப்பு. மைக் டிரவுட்டும் ஆரன் ஜட்ஜும் இரண்டாம் இடத்தில் ஆடியதைப் பார்த்தாயிற்று. கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. சராசரி அணிக்கு அது சரி. வில்சன் மாதிரி ஒருவர் 705 அட்-பேட்டோடு முன்னால் நிற்கிற அணிக்கு அந்தச் சூத்திரத்தைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இன்று எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் என் குறையும். 2018-இல் முதல் தடவையாக மொத்த லீக்கிலும் ஹிட்டைவிட ஸ்ட்ரைக் அவுட் அதிகமானது. 2022-இல் எல்லோருடைய சராசரியும் சேர்ந்து .243. லூயிஸ் அராயஸ் போல் ஒருவர் 2023-இல் .354 அடித்தால், சிங்கிள்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரமூட்டுவது, காயப்பட்ட சீசனை 600 வாய்ப்புக்கு இழுத்து நீட்டிப் போடும் பழக்கம். ஆடாத ஆட்டங்களையும் ஆடியதாக வைத்துக்கொண்டு இத்தனை ஹோம் ரன், இத்தனை ரன் என்று அட்டவணை போடுகிறார்கள். பிரெட்டின் 1980-ஐயும் ஒருவர் அப்படி நீட்டி எனக்குக் காட்டினார்: ஹிட் 204, ஹோம் ரன் 28. பார்வைக்கு லட்சணமான எண்கள்தான். ஜூன் பத்தும் இல்லை, காலியான மூன்றாம் வரியும் இல்லை, வில்சனும் இல்லை. 515-ஐக் கொடுங்கள் ஐயா, போதும் என்று சொல்லி அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.